டீசல் மூடியில் குளவி

ஒரு தட்டு தட்டினால் செல்ப் அடிக்க வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இதை யார் சுகுணாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் குழந்தைவேலு டிராக்டர் பக்கத்தில் குனிந்தபடியே ஸ்பேனரால் மட்கார்டில் டங் என்று ஒரு தட்டு தட்டினான். சீட்டில் உட்கார்ந்திருந்த இவள் என்ன ஏது என்று புரியாமல் எட்டிப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வைதான் இன்றைக்கும் இவளுக்குச் செரிக்கவில்லை. கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பாளே. ஞாபகமறதியில் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவன் முழிப்பானே, அப்படி ஒரு முழி. சீட்டில் இருப்பது வசந்தாமணி இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. வசந்தாமணி சுகுணாவின் கூடப்பிறந்த அக்கா. இந்த டிராக்டர் அக்காவுக்கு அய்யன் கொடுத்த சீர். இந்த மாமா அக்காவுக்கு அமைந்த மாப்பிள்ளை. அக்கா ஒரு ஐப்பசி மாதத்துக் காய்ச்சலில் கண்ணை மூடினாள். வருசம் திரும்புவதற்குள் சொந்தம் ஒறம்பரையெல்லாம் கூடிப் பேசி, ஜாதகக் கோளாறு என்று முப்பது தாண்டியும் வீட்டோடு இருந்த தங்கச்சியை அதே வாசலுக்கு அனுப்பி வைத்தார்கள். அப்படி வந்தவள் இவள். அக்காவின் அடுப்பு, அக்காவின் மாடு, அக்காவின் புருசன், இப்போது உட்காரக் கிடைத்தது அக்காவின் சீட்டு. டங். இதோ தட்டிவிட்டான். சுகுணா செல்ப் அடித்தாள்.

வண்டி நாலைந்து தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகைக்குழாய் கருப்பாய் ஒரு வாய் கக்கிவிட்டு டுப் டுப் என்று பழைய குரலுக்கு வந்தது. குழந்தைவேலு நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து நின்றான். கேட்கிறானாம். பெண்டாட்டி பேசினால் ம் என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுசன், வண்டி பேசினால் மட்டும் வேப்ப மரத்துக் குருவியைக்கூட விரட்டிவிட்டுக் கேட்பான். சுகுணாவும் கேட்டாள். அவனுக்குத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரியும், அதனால் இவள் கேட்டது வேறு விதமாகக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். தோட்டத்துச் சாளை வீட்டின் ஓட்டு நிழல் வாசல்படியை விட்டு நகர்வதற்குள் இது இளைக்கும், திக்கும், நின்றுபோகும். நேற்று முழுக்க அப்படித்தான் நின்றது. நிற்க நிற்க அவன் டீசல் வடிகிற கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினான், பில்டர் இரண்டையும் புதிதாய்ப் போட்டான், குழாய்க்குக் குழாய் வாயை வைத்து ஊதினான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பொழுதிறங்குகிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு தரகர் கந்தப்பனுக்குப் போன் போட்டான். அந்த ஆள் இந்த வண்டி மேல் ரொம்ப நாளாய்க் கண் வைத்திருக்கிறவர், பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து இரும்பாய் விற்கிறவர். "நாளைக்கு ஒரு பொழுது பாக்கறனுங்க. ஓடுச்சுன்னா இந்தப் பட்டத்துக்கு வெச்சு உழுதுக்கறேன். பம்பே போயிருந்தா ஏத்திக்கிட்டுப் போயிருங்க" என்று மாமா சொன்னபோது சுகுணா அடுப்படியில் சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி அவள் கையில் கொட்டியது. சுடவேயில்லை என்றால் நம்புவீர்களா? அத்தனை சந்தோசம். உச்சிப் பொழுதுக்குள் கந்தப்பன் வந்துவிடுவார். அதுவரைக்கும் இது ஓடாமல் இருந்தால் போதும். போய்த் தொலையட்டும் வசந்தாமணி.

சே, என்ன நினைப்பு இது. அக்காளைப் போய். இல்லை, அக்காளைச் சொல்லவில்லை, வண்டியைத்தான் சொன்னது. வண்டிக்கும் அதுதானே பெயர்? பானெட்டின் நெற்றியில் எழுதியே இருக்கிறதே, வசந்தா என்று, வெள்ளைக்கு மேல் சிவப்பில். அந்த எழுத்து வெயிலிலும் மழையிலும் நைந்து, வாசிக்க முடியாமல் போய், கடைசியில் வெறும் சிவப்புத் திட்டாக நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சுகுணாவுக்கு ஒரு ஆறுதல் இருந்தது, இன்னும் இரண்டு மழை போதும் என்று. ஆனால் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறவன் சும்மா வைத்துவிட்டுப் போகக் கூடாதா? சின்ன டப்பாவில் சிவப்புப் பெயிண்டு வாங்கி வந்து, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உயிர் கொடுத்தான். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? இவள்தான். "கை ஆடாம புடி புள்ள" என்றான். கை ஆடவில்லை. நெஞ்சுதான் ஆடியது. பூசை முடிந்து இரண்டு நாளைக்கு அந்தச் சிவப்பு இவள் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. முந்தாநாள் பொழுதோடு அவன் பால் ஊற்றப் போன நேரத்தில், துணி துவைக்கிற கல்லின் மேல் கரைந்து கிடந்த பார் சோப்புத் துண்டு இவள் கண்ணில் பட்டது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. கை தானாகப் போய் எடுத்தது, கால் தானாக ஏறியது. சீட்டுக்கு முன்னால் டீசல் டேங்கு, அதற்கு வட்டமாய் ஒரு மூடி, மூடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும். காற்றில்லை என்றால் பம்பு எத்தனை உறிஞ்சினாலும் கொஞ்ச நேரத்தில் டேங்கு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சொட்டு விடாது. சோப்பைப் பிசைந்து உள்பக்கமாக வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். வாசலுக்கு வந்து கையைக் கழுவினாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். இவ்வளவுதான் நடந்தது.

இளைத்துவிட்டது. டுப், டுப்பு, டு. நின்றேபோயிற்று. "என்னாத்தா ஆச்சு உனக்கு?" என்றான் குழந்தைவேலு. சுகுணா சட்டென்று நிமிர்ந்தாள், தன்னைத்தான் கேட்கிறானோ என்று. அட கிறுக்கச்சி. பம்பைக் கேட்கிறான். பம்பின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி தொட்டுப் பார்த்துக் கேட்கிறான். இவள் போன மாசம் தலை சுற்றிக் கட்டிலோடு கிடந்தபோது, வாசல்படியில் நின்று "மாத்தரை முழுங்குனியா?" என்று கேட்டதோடு சரி. கேட்டான், இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் கையை வைத்தா கேட்டான்? இப்போது துணியை எடுத்துப் பம்பைத் துடைக்கிறான். அந்தத் துணியைப் பாருங்கள். பச்சைக்குக் கடுகு நிறத்தில் கரை போட்ட அக்காவின் நூல் சேலை. கிழித்துக் கிழித்து வருசக் கணக்காய் வண்டி துடைக்க வைத்திருக்கிறான், அதைத் தனியாய் அலசித் தனியாய்க் காயப்போடுவதும் அவனேதான். இவள் ஒரு நாள் வீம்புக்கென்று தன் சேலை ஒன்றை நாலாய்க் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தடவிப் பார்த்துவிட்டு "உன்றது நைலான் புள்ள, எண்ணெ புடிக்காது" என்று கட்டுத்தறிக் கம்பத்தில் கட்டிவிட்டான். அது உண்மைதான், நைலான் எண்ணெயைப் பிடிக்காதுதான். உண்மையாய் இருப்பதால்தான் எரிகிறது. பொய்யாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். மாமா, மாமா என்று கூப்பிடுவதும் அப்படித்தான். அக்கா புருசனாக இருந்தபோதும் மாமா, தாலி கட்டிய பிறகும் மாமா. தன் கழுத்தில் தாலி ஏறிய பிறகு கூப்பிட ஒரு புதுச் சொல்கூடக் கிடைக்கவில்லை இவளுக்கு. அவன் திரும்பிப் பார்க்கும்போது எந்த மாமாவாகத் திரும்புகிறான் என்று யாருக்குத் தெரியும்.

"டீசல் இருக்குதான்னு பாரு புள்ள" என்றான் கீழேயிருந்து. இதோ, இதுதான் கண்டம். மூடி இவள் கைக்கு எட்டுகிற தூரத்தில். காலையிலிருந்து கேட்கும்போதெல்லாம் திறந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், திறக்கும்போதெல்லாம் புஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வருகிறது, வரும்போதெல்லாம் இவள் இருமுகிறாள். சத்தத்தை மறைக்க இருமல். திறக்காமலே இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போகலாமே, எவன் கேட்கப் போகிறான்? ஆனால் அவன் சொன்னதைச் செய்யாமல் செய்ததாகச் சொல்ல இவளுக்கு வரவில்லை. வண்டியையே கொல்லத் துணிந்தவளுக்கு இந்த ஒரு சின்னப் பொய் வரவில்லை பாருங்கள். திறந்தாள். புஸ். இருமினாள். "அரை டேங்குக்கு மேல இருக்குதுங்க மாமா." "ஏன் இருமிக்கிட்டே இருக்கற?" "டீசல் நாத்தம் சேரலீங்க." "அப்பறம் எறங்கிப் போயி ஒரு வாய் சுக்குத்தண்ணி வெச்சுக் குடி" என்றான். சுக்குத்தண்ணியாம். தேனொழுகச் சொல்லிவிட்டான் என்று ஒரு நிமிசம் குளிர்ந்தது. அடுத்த நிமிசமே, அக்காளுக்கும் இதேதான் சொல்லியிருப்பான் என்று தோன்றிவிட்டது. அவன் மறுபடி குனிந்து ஏர் எடுக்க, அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்ற, ஆரம்பித்தான். பம்பின் மேலிருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்க அமுக்க, நுரை நுரையாய் டீசல் வழிந்தது. நுரையில்லாமல் வரும்வரை அமுக்கவேண்டும். பொறுமையைப் பாருங்கள்.

இந்த மூடி வித்தை இவளுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? மாமாதான் சொல்லிக் கொடுத்தான். இவளுக்கு நேராக இல்லை, அக்காளிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒரு ஆடி மாதம். குருநாதசாமி தேருக்கென்று சுகுணா இங்கே வந்திருந்தாள், அப்போது கல்யாணப் பேச்சே இல்லாத வயது. தேரன்றைக்குப் பார்த்து அக்கா தூரமாகிவிட்டாள், கோயிலுக்குப் போகக் கூடாது. "அதுக்கென்ன, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கொ" என்றாள் அக்காளேதான். வாசலில் தள்ளி உட்கார்ந்தபடியே, இவளைக் கிட்டத்தில் உட்காரச் சொல்லி, தீட்டாவது ஒன்றாவது என்று தலை பின்னிவிட்டுக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். ரொம்ப இறுக்கி இழுத்துப் பின்னினாள், நெற்றிப் பொட்டெல்லாம் வலித்தது, "மெதுவா அக்கா" என்றதற்கு "அவுந்து போகாம இருக்கோணுமல்லொ" என்றாள். அப்புறம் கொல்லைப் பக்கம் கை கழுவ எழுந்து போனாள். ஊதாத் தாவணியைக் கட்டிக்கொண்டு சுகுணா மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஏரிக்கரை வழியாகக் குதித்துக் குதித்துப் போனது. மாமா ஏதோ கேலி பேசினான், இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கேலி என்னவென்று மட்டும் மறந்துபோயிற்று. வாய்க்கால் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. நின்றதுதான், அசையவில்லை. தேர் இழுக்கிற கொட்டுச் சத்தம் காற்றில் கேட்க, இரண்டு பேரும் புழுதியில் நடந்தே திரும்பினார்கள். அக்கா வாசலில் நின்று சிரித்தாள். மறுநாள் மாமா மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து அக்காளிடம் சொன்னான்: "குளவி இந்த ஓட்டைல மண்ணு வெச்சு அடைச்சிருச்சு வசந்தா. இத்தனூண்டு ஓட்டை அடைச்சதுக்கு வண்டியே நின்னுபோச்சு பாரு." அக்கா காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுகுணா மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: என்னை ஏற்றிக்கொண்டு போகக்கூட இந்த வண்டிக்கு மனசில்லை, இது அக்காளின் வண்டி.

டங். செல்ப் அடித்தாள். பிடித்துக்கொண்டது. இந்தத் தட்டுக் கணக்கை எப்போது, எப்படி வைத்துக்கொண்டார்கள் இரண்டு பேரும்? எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, அதனால் தட்டு என்று ஒரு நாள் அக்காதான் சொல்லியிருப்பாள், அவளுக்குத்தான் இப்படியெல்லாம் சட்டென்று தோன்றும். அவன் சிரித்திருப்பான். சும்மாவேனும் ஒரு தட்டு தட்டியிருப்பான், அவள் எட்டிப் பார்த்து "ஏனுங்?" என்றிருப்பாள், அவன் ஒன்றுமில்லை என்றிருப்பான். இவளிடம் சும்மா ஒரு தட்டு தட்டியிருக்கிறானா ஒரு நாளாவது? சீட்டின் ரெக்சினில் ஒரு குழி இருக்கிறது, அக்கா கனத்த உடம்புக்காரி, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. ஒல்லியான சுகுணா அதற்குள் உட்கார்ந்தால் பாதிதான் நிறைகிறது. மீதிப் பாதியில் யார் இருக்கிறாள்? பயமாக இருந்தது. வீட்டுக்குள் மாலை போட்ட போட்டோவில் இருக்கிறவள், விளக்குப் பொருத்தும்போதெல்லாம் நேராய்க் கண்ணைப் பார்க்கிறவள், முந்தாநாள் பொழுதோடும் பார்த்திருப்பாள்தானே. கதவு திறந்துதானே கிடந்தது. பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பாள், தன் சீரைத் தங்கச்சியே இரும்புக்குப் போட்டுவிட்டாள் என்றா? நினைத்துக்கொள்ளட்டும். கண்ணை மூடியவளுக்கு எல்லாமே இருக்கிறது, கண் திறந்திருக்கிற எனக்கு ஒரு கைத்துணிகூட இல்லை. சுகுணாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். வண்டி இளைத்தது. நின்றது.

இந்தத் தடவை குழந்தைவேலு பம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேப்ப மரத்தடிக்குப் போய்ச் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தான். அவன் போன் அடித்தது. "ஆமாங்... வாய்க்கால் பாலத்துகிட்டயா? செரி செரி, வாங்கொ. பம்புதான் போச்சாட்ட இருக்குதுங்க. கழட்டிப் பாத்தர்றேன், நீங்க வாரதுக்குள்ள தெரிஞ்சுரும்." பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, பம்பைப் பிடித்திருக்கிற போல்ட்டில் மாட்டினான். கழற்றிவிட்டால் முடிந்தது கதை, அதைப் பிரித்துச் சரிபார்க்க டவுனுக்குத்தான் போகவேண்டும், இந்தப் பழசுக்கு அத்தனை பண்டுவம் வேண்டாம் என்று ஏற்றிவிடுவான். நினைத்தது நடந்துவிட்டது. வாசலில் இந்த இடம் காலியாகிவிடும். சுகுணா அந்தக் காலி இடத்தை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். எண்ணெய்க் கறை மட்டும் தரையில் இருக்கும். மாமா காலையில் எழுந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சாயங்காலமும் நிற்பான். வேறு வண்டி வந்து உழுதால், வசந்தா உழுதாப்பல வருமா என்பான். ஐயோ. இது இவளுக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை? அக்கா உயிரோடு இருந்தபோது அவளை இந்த மனுசன் எத்தனை திட்டியிருக்கிறான், குழம்பில் உப்பு என்று, பேச்சு நீளம் என்று. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குறை சொன்னதுண்டா? போனவளுக்குக் குறையே கிடையாது. இந்த வண்டி இங்கே நிற்கிற வரைக்கும் எண்ணெய் ஒழுகும், புகை கக்கும், மழையில் சண்டித்தனம் பண்ணும், "இந்தச் சனியனக் கொண்டி ஆத்துல தள்ளோணும்" என்று வாரம் ஒரு தடவையாவது இவன் வாயால் வசவு வாங்கும். போய்விட்டால்? அதுவும் போட்டோவுக்குள் போய்விடும். ஒருத்தியோடு மல்லுக்கட்டவே இந்தப் பாடு, அப்புறம் இரண்டு பேர். வேண்டாம். இது போகக் கூடாது. கண் முன்னால் நின்று துருப்பிடிக்கட்டும். போல்ட் கிறீச் என்று அசைந்தது. "மாமா" என்றாள். "ம்." "டீசல் பாக்கட்டுங்களா?" "அதான் இப்பப் பாத்தியே." "இன்னொரு வாட்டி பாக்கறனுங்க." மூடியில் கையை வைத்தாள். கை வேர்த்து வழுக்கியது. முந்தானையால் பிடித்துத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இந்தத் தடவை அவள் இருமவில்லை.

கீழே ஸ்பேனர் நின்றது. இரண்டு நாளாய் நினைவுக்கு வராத மூடி அந்தச் சத்தத்தில் வந்துவிட்டது போல அவன் மெதுவாக நிமிர்ந்தான். மட்கார்டில் கால் வைத்து ஏறி வந்து, அவள் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பானெட்டில் கிடந்த மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டுக் குடைந்தான். மஞ்சளாய்ச் சோப்பு சுருண்டு சுருண்டு வந்தது. விரலில் எடுத்து முகர்ந்தான். துவைக்கிற கல் இருக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தான், அப்புறம் இவளைப் பார்த்தான். அடிப்பானா, அய்யன் வீட்டுக்குப் போ என்பானா, அக்காளாயிருந்தால் இப்படிச் செய்வாளா என்பானா? கடைசியாக நினைத்ததுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது. எதையாவது சொல்லவேண்டுமே என்று "குளவியா இருக்குமுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது எத்தனை அசட்டுத்தனம் என்று அவளுக்கே கேட்டது.

குழந்தைவேலு சிரித்தானா, பெருமூச்சு விட்டானா என்று சொல்ல முடியாது. "அன்னிக்கும் நான் குளவீன்னுதான் சொன்னேன்" என்றான்.

"என்னைக்குங்க?"

"தேருக்குப் போறப்ப பாலத்துல நின்னுச்சல்லொ, அன்னிக்கி. அது குளவி இல்ல புள்ள. இதே சோப்புத்தான். உங்கக்கா வெச்சது."

சுகுணா அவன் முகத்தையே பார்த்தாள்.

"நாம நடந்து வந்து சேந்தப்ப அவ சிரிச்சாளா, எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. மறுநா மூடியத் தெறந்து பாத்தா சோப்பு. உனக்கு முன்னால அவளக் காட்டிக் குடுக்க மனசு வரல. அதான் குளவீன்னேன். நான் சொன்னதுமே உள்ள போயிட்டா. அப்பறம் நீ ஊருக்குப் போற வரைக்கும் எங்கிட்டப் பேசவே இல்ல. உன்னைய பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து பாத்தா, ஓன்னு அழுகறா. போகச் சொன்னது நாந்தானுங்க, பூ வெச்சு உட்டது நாந்தானுங்க, அந்த ஊதாத் தாவணில அவ உங்க பக்கத்துல ஏறி உக்காரப் போறான்னு நெனச்சா எனக்கு நெஞ்சு ஆறலீங்கன்னு."

அக்காளா? அந்தக் குழி விழுந்த சீட்டுக்காரியா, தட்டுக்குத் தட்டு பதில் சொன்னவளா, அவள் என்னைப் பார்த்தா வயிறெரிந்தாள்? முதலில் வந்தது சந்தோசம்தான், மறைப்பானேன், மகா கெட்ட சந்தோசம். இத்தனை காலம் யாரை அண்ணாந்து பார்த்துப் புழுங்கினோமோ அவள் என்னை எட்டிப் பார்த்துப் புழுங்கியிருக்கிறாள், என் ஊதாத் தாவணியைப் பார்த்து. நெற்றிப் பொட்டில் அன்றைக்கு இழுத்த இழுப்பு இப்போது ஒரு தரம் வலித்தது. அவுந்து போகாம இருக்கோணுமல்லொ. கொல்லைக்குக் கை கழுவப் போனாளே. போய் அதே துவைக்கிற கல்லில், அதே மாதிரி ஒரு சோப்புத் துண்டை எடுத்து, அதே கட்டை விரலால். அந்தச் சந்தோசம் ஒரு மூச்சுகூடத் தங்கவில்லை. அடுத்த மூச்சில், அடப் பாவி அக்கா, இதுகூட உன்றதுதானா, நானாகச் செய்தது என்று நினைத்த ஒரே ஒரு அக்கிரமம், அதையும் நீ முதலிலேயே செய்து வைத்துவிட்டுத்தான் போனாயா என்று வந்தது. அதற்கும் அடுத்ததில், உள்ளே ஓடிப் போய் அந்தப் போட்டோவைப் பிடித்து உலுக்கி, சொல்லக் கூடாதாடி எங்கிட்ட, ரெண்டு பேரும் உக்காந்து அழுதிருக்கலாமே என்று கேட்கவேண்டும்போல இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழந்தைவேலு அந்தப் பச்சைத் துணியை எடுத்தான். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு, தன் தோள் துண்டை உருவி அவள் மடியில் போட்டான். "மொகத்தத் தொட. ஆளு வருது" என்றான்.

ஆள் வந்துவிட்டது. வண்டிப் பாதையில் கந்தப்பனின் மொபெட் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னங் மாப்ள, பம்பு போச்சுங்களா? லாரிக்குச் சொல்லட்டுமா?" என்றார். சுகுணா துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது இவன் என்ன சொல்லப் போகிறான்? பெண்டாட்டி சோப்பு வைத்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், நாளைக்குச் சந்தை முழுக்க இவள் பேர்தான் நாறும். அக்காளை ஒளித்து வைத்தான், ஒரு ஆளுக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. என்னை?

"பம்பெல்லாம் கல்லாட்ட இருக்குதுங்க" என்றான் குழந்தைவேலு. விரலில் ஒட்டியிருந்த சோப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "மூடி ஓட்டைல குளவி மண்ணு வெச்சிருச்சு. அதாங் காத்துப் போகாம நின்னு நின்னு போச்சு. இப்ப ஓடும் பாருங்க. உங்களத்தான் சும்மா அலைய வெச்சுட்டேன், எறங்குங்க, மோரு குடிச்சுட்டுப் போலாம்."

குளவி. சுகுணாவுக்குத் துண்டுக்குள்ளேயே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்காளுக்குச் சொன்ன அதே குளவி. ஏன், எனக்கென்று புதுசாய் ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லையா இந்த மனுசனுக்கு, ஒரு எறும்பு, ஒரு தேனீ, ஒரு கரையான் என்று சொல்லியிருக்கக் கூடாதா? இருக்கட்டும், சொன்னானல்லவா. அவன் மூடியைத் திருகிவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் குனிந்தான், தளர்ந்த போல்ட்டை முறுக்கினான், ஏர் எடுத்தான். துண்டில் அவன் வேர்வை வாசமும் டீசல் வாசமும் அடித்தது. இவள் அதை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டு, சாவியில் கையை வைத்தபடி, தட்டுக்குக் காத்திருந்தாள்.